கண்ணூருக்கு மாற்றலாகி வரும் ராணுவ நண்பர்களுக்கு

கண்ணூர் கன்டோன்மென்ட்டுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? முதல் லீவு நாளில் பக்கத்திலேயே இருக்கும் புனித ஆஞ்சலோ கோட்டைக்குப் போய் வாருங்கள். 1505-இல் போர்த்துக்கீசியர் கட்டியது. 1663-இல் டச்சுக்காரர்களிடம் போய், 1772-இல் அரக்கல் அரச குடும்பத்துக்கு விற்கப்பட்டு, 1790-இல் ஆங்கிலேயர் வசமானது. செம்புரைக்கல் மதில்மேல் நின்றால் மாப்பிளா விரிகுடாவின் மீன்பிடி படகுகள் கீழே தெரியும். அப்படியே ஆயிக்கரை அரக்கல் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாம். பெண்களும் ஆட்சிப் பொறுப்பேற்ற வம்சம் அது.

ஆனால் இந்த ஊர் மனசைப் பிடித்துக்கொள்வது பறசினிக்கடவு முத்தப்பன் கோயிலில்தான். சுமார் 20 கிலோமீட்டர், வளபட்டணம் ஆற்றங்கரை. மற்ற காவுகளில் (தோப்புக் கோயில்களில்) தெய்யம், அதாவது தெய்வமே ஆடுபவர் உருவில் வருவதாக நம்பப்படும் சடங்கு ஆட்டம், ஏறக்குறைய ஐப்பசி முதல் வைகாசி வரைதான். இங்கே பெரும்பாலும் தினமும் உண்டு. சாதி மதம் கேட்க மாட்டார்கள். நாய்கள்கூட உள்ளே சுதந்திரமாகத் திரியும். பிரசாதம் என்ன தெரியுமா? வேகவைத்த பயறு, தேங்காய்த் துண்டு, சூடான டீ! வெளியூர்க்காரர் என்ற கூச்சமே போய்விடும். தெய்யம் உங்கள் கையைப் பிடித்துக் குறை கேட்கும்போது தயங்காமல் சொல்லுங்கள், தமிழே போதும். போட்டோ எடுக்க ஆசையிருந்தால் முதலில் கோயில்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.