பூவுக்குள் கிடைத்த இலைப்பேன் புதிய இனமா? அறிவிக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை, மாசியில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஏதாவது ஒரு மாந்தோப்பில் பூங்கொத்தை வெள்ளைத் தாளின் மேல் பிடித்துத் தட்டிப் பாருங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில், மஞ்சளும் பழுப்புமாகச் சிறு கோடுகள் ஓடும். அவைதான் இலைப்பேன்கள். ராயக்கோட்டைச் சாமந்தியிலும் ஓசூர் பசுமைக்குடில் ரோஜாவிலும் இவை உண்டு. உலகில் 6000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. பெயரில்லாதவை இன்னும் நிறைய. வத்தல்மலை, சித்தேரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் பொறுமையாகத் தேடினால் புதியது கிடைக்கும் என்றே நம்புகிறேன். நம் கல்லூரி மாணவர்கள் இதில் இறங்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் அவசரத்தில் வைத்த பெயர் பெரிய தொல்லை. அச்சேறிவிட்டால் அதை யாராலும் அழிக்க முடியாது. பின்னால் வருபவர்கள்தான் அதைச் சரிசெய்யப் பாடுபட வேண்டும்.

நிறத்தை நம்புவதுதான் எல்லாரும் செய்கிற தவறு. ஒரே இனத்தில் கறுத்தவையும் வெளுத்தவையும் இருக்கும். பூக்களில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் பிராங்க்ளினியெல்லா ஷுல்ட்சியை என்ற இனம் அதற்கு நல்ல உதாரணம். பல இனங்களில் குளிரில் வளர்ந்தவை கறுப்பாகவும் வெயிலில் வளர்ந்தவை வெளிறியும் இருக்கும். மார்கழியில் ஓசூரில் எடுத்ததையும் சித்திரையில் அரூரில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு இனம் போலத்தான் தெரியும். உடல் நீளமும் அப்படித்தான். ஸ்லைடில் அழுத்தும்போது வயிறு நீளும். அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

சரி, வேறு எதைப் பார்ப்பது? மயிர்களை. நுண்ணோக்கியை 400 மடங்குக்குக் கொண்டுபோய், வயிற்றின் எட்டாவது கண்டத்தின் முதுகுப்புறத்தைப் பாருங்கள். இரண்டு ஓரங்களிலும் சீப்புப் பல் வைத்தாற்போல ஒரு நுண்வரிசை இருக்கும். அந்த வரிசை மூச்சுத்துளைக்குப் பின்னால், உட்பக்கமாக அமைந்திருந்தால் அது திரிப்ஸ் என்ற பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதி. முன்பக்கமாக இருந்தால் பிராங்க்ளினியெல்லா. தலையில் மூன்று தனிக்கண்களைச் சுற்றி இரண்டு ஜோடி மயிரா, மூன்று ஜோடியா என்று எண்ணினால் அதுவே உறுதிப்படும்: திரிப்ஸுக்கு இரண்டு, பிராங்க்ளினியெல்லாவுக்கு மூன்று. உணர்கொம்பில் ஏழு கணுவா எட்டா, மூன்றாம் நான்காம் கணுக்களின் உணர்முளை கவட்டையாகப் பிரிகிறதா, இறகின் முன்நரம்பில் மயிர்கள் இடைவெளி விட்டு நிற்கின்றனவா என்பதெல்லாம் அப்புறம். இவ்வளவும் தெரிய ஸ்லைடு சுத்தமாக இருக்க வேண்டும். காய்ந்துபோன பூச்சியும், உடலுக்குள் இருப்பதைக் கரைக்காமல் அப்படியே ஒட்டியதும் பயன்படாது. ஒரு ஸ்லைடில் ஒரு பூச்சி, இறகு விரிந்து, உணர்கொம்பு நேராக.

ஒரேயொரு பெண் பூச்சியை வைத்து விவரித்துவிடுவது அடுத்த தவறு. கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கும் பூச்சி இது. ஆண் உருவில் சிறியது, பெரும்பாலும் வேறு நிறம். இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே பூவில் திரும்பத் திரும்பப் பிடித்தால்தான் அவை ஜோடி என்று சொல்ல முடியும். பத்திருபது பூச்சிகளை அளந்தால்தான் எது இனத்தின் அடையாளம், எது அந்தத் தனிப் பூச்சியின் குறை என்பது பிடிபடும். எடுக்கும்போதே சிலவற்றை 95 சதவீத எத்தனாலில் போட்டுக் குளிரில் வையுங்கள், டி.என்.ஏ. பார்க்க உதவும்.

இருந்த பூவையே அதன் உணவுச்செடி என்று எழுதிவிடுவது எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. இறகுள்ள பூச்சி காற்றில் வந்து எந்தப் பூவிலும் உட்காரும். அதன் இளம் பூச்சிகளும் அதே பூவில் கிடைத்தால்தான் அங்கே அது வளர்கிறது என்று அர்த்தம். ‘சாமந்தியைத் தாக்கும் புதிய பூச்சி’ என்று செய்தி வந்தால் மறுநாளே மருந்து அடிக்கக் கிளம்பும் விவசாயிகள் நம் ஊரில் இருக்கிறார்கள். ஒரு பூச்சி பிடிபட்டதை மட்டும் வைத்து அவர்களைச் செலவுக்குள் இழுத்துவிடக் கூடாது.

இதுவரை நாம் பார்த்ததில்லை என்பதாலேயே ஒரு பூச்சி புதிய இனம் ஆகிவிடாது. மிளகாயில் இலை சுருட்டும் சிர்டோதிரிப்ஸ் டார்சாலிஸ், 1919-இல் கோயம்புத்தூர்ப் பூச்சிகளைக் கொண்டு விவரிக்கப்பட்டது. சென்னை லயோலா கல்லூரியிலிருந்து டி.என்.அனந்தகிருஷ்ணன் பல பத்தாண்டுகள் உழைத்து ஏராளமான இலைப்பேன்களை விவரித்திருக்கிறார். இந்தப் பழைய விவரிப்புகளைப் படித்தால் மட்டும் போதாது. ஓசூருக்கு வெளிநாட்டிலிருந்து நாற்றும் தண்டும் வருகின்றன, கூடவே பூச்சியும் வரலாம். பெங்களூருப் பப்பாளியில் 2015-இல் இந்தியாவுக்குப் புதிதாகப் பதிவாகி, 2021-இல் ஆந்திர, தெலங்கானா மிளகாயை அழித்த திரிப்ஸ் பார்விஸ்பைனஸ், தென்கிழக்கு ஆசியாவில் 1922-லேயே பெயர் பெற்றது. நாட்டுக்குப் புதியதை உலகுக்கே புதியது என்று எழுதிவிட இப்படித்தான் வழி திறக்கிறது. அதேபோல் டி.என்.ஏ. வித்தியாசத்தை மட்டும் காட்டிப் பெயர் வைப்பதும் சரியல்ல. டார்சாலிஸ் என்ற ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பதை டி.என்.ஏ. காட்டியிருப்பது உண்மை. ஆனாலும் பழைய பெயர் அவற்றில் எதற்கு உரியது என்று அறிய, அந்தப் பெயரை வைத்தபோது அடிப்படையாகக் கொண்ட மூல ஸ்லைடிடம் போய்த்தான் ஆக வேண்டும்.

லேபிளில் ‘தர்மபுரி மாவட்டம்’ என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள். 1965 வரை இந்தப் பகுதி சேலம் மாவட்டம், 2004-இல் கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது. ‘சேலம்’ என்று எழுதிய பழைய லேபிள் இன்றைய ஓசூராகக்கூட இருக்கலாம். ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்ட உயரம், நாள், செடி எல்லாம் வேண்டும். காப்புக்காட்டில் எடுப்பதாக இருந்தால் வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள்.

பெயர் வைக்கும் விதிகளில் தடுக்கி விழுபவர்களும் உண்டு. மூல மாதிரி எது என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு, அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்றும் எழுதாவிட்டால் 1999-க்குப் பிறகு வைத்த பெயர் செல்லாது. இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால், கட்டுரையை விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான சூபேங்கில் பதிந்து அந்தப் பதிவைக் கட்டுரைக்குள்ளேயே காட்ட வேண்டும். பத்திரிகைச் செய்தியில் முதலில் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். மூல ஸ்லைடைக் கல்லூரி அலமாரியில் வைத்துக்கொள்வதும் கூடாது. புதிய இனத்தின் மாதிரியை அரசு குறிப்பிட்ட காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டமே சொல்கிறது. மீதி ஸ்லைடுகளை இரண்டு மூன்று இடங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். ஓரிடத்தில் பூஞ்சை பிடித்தாலும் அடுத்து ஒப்பிட வருபவருக்கு ஒன்று மிஞ்சும்.