மேலண்டை வீட்டு நாய் நம்ம ஆட்டைக் கடிச்சா

போன ஐப்பசியில ஒரு விடியக்காலை, மழை விட்டுத் தூறிக்கிட்டு இருந்த நேரம். கொல்லையில ஆடு அலறுன சத்தம் கேட்டு டார்ச்சை எடுத்துக்கிட்டு ஓடுனேன். பள்ளையாட்டுக் குட்டி ரெண்டு செத்துக் கெடக்கு. சினையா இருந்த பெட்டை தொடைச் சதை கிழிஞ்சு நிக்க முடியாம நடுங்குது. வேலி மூலையில ஒரு செவலை வால் மறைஞ்சுது. கீழண்டை வீட்டுல ஒரு செவலை நாய் இருக்கு. கேக்கவா வேணும், நேரா அங்க போயி நின்னு ஒரு பாட்டம் கத்திட்டு வந்தேன். நாலு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, கடிச்சது மேலண்டை வீட்டு நாய். கீழண்டை வீட்டு அத்தை ரெண்டு மாசம் என் முகத்துலயே முழிக்கல.

அதனால நான் செஞ்ச வரிசையில நீங்க செய்யாதீங்க. நான் கத்திக்கிட்டு இருந்த அரை மணி நேரம் அந்த ஆடு ரத்தம் சொட்டக் கெடந்துச்சு. முதல் வேலை உசுரோட இருக்குறதைப் பாக்குறது. சண்டை எங்கயும் ஓடிப் போயிடாது.

கடிபட்ட ஆட்டை அடிபம்புக்கிட்ட கொண்டு வந்து, காயத்துல தண்ணி ஓடிக்கிட்டே இருக்கற மாதிரி, சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவணும். சும்மா ரெண்டு சொம்பு ஊத்துறது கணக்கில்லை. வெறிநோய்க் கிருமி நாயோட எச்சில்லதான் இருக்கும், அதைக் கழுவித் தள்ளத்தான் இவ்வளவு நேரம். கழுவுறவங்க கையில பிளாஸ்டிக் பையை மாட்டிக்கிட்டுக் கழுவுங்க. நடவு சீசன்ல நம்ம கையில வெட்டும் வெடிப்பும் இல்லாத நாள் ஏது? கையில காயம் இருந்து எச்சில் பட்டிருந்தா, ஆட்டை விட்டுட்டு முதல்ல நீங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயி ஊசி போட்டுக்குங்க.

ரத்தம் பீச்சி அடிச்சா சுத்தமான துணியை வச்சு அழுத்திப் பிடிங்க. காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சப்பொடி எதையும் காயத்துக்குள்ள அப்பாதீங்க, டாக்டர் வந்து அதையெல்லாம் வழிச்சு எடுக்கறதுக்குள்ள ஆடு இன்னொரு தடவை செத்துப் பிழைக்கும். நாய்க்கடி வெளியில பாக்க நாலு ஓட்டையாத்தான் தெரியும். நாய் கவ்விட்டுத் தலையை உதறுறதுல உள்ள சதையும் தோலும் தனித்தனியாப் பிரிஞ்சிருக்கும். அதனால காயத்தைச் சுத்தி மயிரைக் கத்தரிச்சுப் பாருங்க. கத்தரிச்ச பிறகுதான் எங்க ஆட்டுக்குத் தொண்டையிலயும் ரெண்டு பல் இறங்கியிருந்தது தெரிஞ்சுது. மழைக்காலத்துல ஒரே நாள்ல ஈ முட்டை வச்சுப் புழு வந்துடும், காயத்தைச் சுத்தி வேப்பெண்ணெய் தடவிட்டு சாக்கைப் போர்த்தி இருட்டான இடத்துல படுக்க வைங்க. வெல்லமும் உப்பும் கரைச்ச தண்ணியை அதுவாக் குடிச்சாக் குடிக்கட்டும். தலை தொங்குற ஆட்டுக்கு வாயைப் பிளந்து ஊத்துனா புரையேறி நுரையீரலுக்குப் போயிடும்.

கால்நடை ஆம்புலன்சுக்கு 1962. கடிச்ச அன்னைக்கே வெறிநோய்த் தடுப்பூசியை ஆரம்பிச்சு 3, 7, 14, 28ஆம் நாள்னு தொடர்ந்து போடணும். ரெண்டாவது ஊசியோட ஆடு தேறிடுச்சேன்னு நிறுத்திடாதீங்க. கூடவே ரண ஜன்னிக்கும் (டெட்டனஸ்) ஊசி உண்டு. பால் கறக்குற ஆடா இருந்தா பச்சைப் பாலை யாருக்கும் கொடுக்காதீங்க. எங்க பக்கம் ஒரு பழக்கம் இருக்கு, 'எப்படியும் சாகப் போவுது, அறுத்துப் பங்கு போட்டுடலாம்'னு. அந்த நாய்க்கு வெறி இருந்து, அது ஆட்டுக்கும் ஏறியிருந்தா, அறுக்கறவன் கையில ஒரு கீறல் போதும். எங்க வீட்டுக்காரருக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்கறதுதான் அன்னைக்குப் பெரிய வேலையா இருந்துச்சு. பெட்டை பிழைச்சுது, ஆனா ஆறாம் நாள் குட்டியைத் தள்ளிடுச்சு. சினை ஆடு பயந்தா அப்படித்தான்.

இனிமே யாரு வேலைன்னு கண்டுபிடிக்கணும். எல்லாத்துக்கும் நாய் மேல பழி போட்டுடாதீங்க. கீரி பகல்லயே வரும், கோழியோட கழுத்தைக் கடிச்சுட்டு உடம்பைப் போட்டுட்டுப் போகும். நரி சத்தமில்லாம தூக்கிட்டே போயிடும், நாலு இறகுதான் மிஞ்சும். மரநாய் ராத்திரி கூரை வழியா இறங்கும். நாய் அப்படியில்ல, பசிக்குக் கடிக்கறதை விட விளையாட்டுக்குக் கடிக்கறதுதான் அதிகம். ஓடுறதையெல்லாம் தொரத்தி, அஞ்சு கோழியக் கொன்னு அஞ்சையும் போட்டுட்டுப் போகும். ஆடுன்னா தொடை, காது, தொண்டை.

எந்த நாய்ங்கறதுக்கு எனக்கு உதவுனது அடுப்புச் சாம்பல். வேலியில எங்கெங்க சந்து இருக்கோ அங்கெல்லாம் சாயங்காலம் சாம்பலைச் சலிச்சு ஒரு முழ அகலத்துக்குத் தூவி விட்டேன். மழை பேஞ்சா வீணாப் போயிடும், அதனால மேல ஒரு தென்னங்கீத்தைச் சாய்ச்சு வச்சேன். மூணாம் நாள் விடிஞ்சு பாத்தா மேல்பக்கச் சந்துல மட்டும் தடம். நகம் பதிஞ்சிருந்துச்சு, அதனால பூனை இல்ல. முன்னங்கால்ல ஒரு விரல் தடம் குறைச்சலா இருந்துச்சு. மேலண்டை வீட்டு டைகர் குட்டியா இருந்தப்ப டிராக்டர்ல கால் மாட்டி ஒரு விரல் போன நாய். மறுநாள் நாலு மணிக்கே எந்திரிச்சு, வைக்கோப்போர் மறைவுல உக்காந்து போன்ல படம் எடுத்தேன். தேதி, நேரத்தோட அந்தப் படம் இருந்ததாலதான் பிறகு பேச முடிஞ்சுது. செத்த குட்டிங்களையும் புதைக்கறதுக்கு முன்னாடி படம் எடுத்து வச்சிருந்தேன். காப்பீடு பண்ணியிருந்தா படம் மட்டும் பத்தாது, கால்நடை டாக்டர் வந்து பிரேதப் பரிசோதனை பண்ணிச் சான்று கொடுக்கற வரைக்கும் புதைக்கக் கூடாது.

பேச்சுக்கு வருவோம். மேலண்டை வீட்டு அண்ணன் காலையில ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி. அதனால அண்ணிக்கிட்டதான் போனேன், அண்ணன் வயலுக்குப் போனப்புறம் பத்து மணி வாக்குல, தனியா. கூட்டத்தோட போனா யாரும் தப்பை ஒத்துக்க மாட்டாங்க.

"அண்ணி, டைகர் ராத்திரி எங்க படுக்குது?"

"இங்கதான் திண்ணைக்குக் கீழ. ஏன்?"

"கட்டிப் போடறதுண்டா?"

"அது எங்கயும் போவாதும்மா. எங்க நாய் அந்த மாதிரி கிடையாது."

எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க, அவங்க பொய் சொல்லல. வீட்டுல குழந்தைக்கிட்ட வாலாட்டுற நாய்தான் ரெண்டு தெரு நாயோட சேர்ந்தா வேட்டைக்குப் போகுது. ஐப்பசி, கார்த்திகையில நாய்ங்க கூட்டம் கூட்டமாத் திரியும்போது இது இன்னும் மோசம். நான் வாதம் பண்ணாம போனைக் கையில கொடுத்தேன். அண்ணி பெருசு பண்ணிப் பாத்துட்டு ரொம்ப நேரம் பேசல. பிறகு, "அந்தக் காலேதான்" அப்படின்னாங்க.

மூணு விஷயம் கேட்டேன். ராத்திரி எட்டு மணியிலேர்ந்து காலையில ஆடு மேய்ச்சலுக்குப் போற வரைக்கும் சங்கிலியில கட்டணும். வெறிநோய் ஊசி போட்ட சீட்டைக் காட்டணும், போடலேன்னா போடணும், கடிச்ச நாளுலேர்ந்து பத்து நாள் நாயைக் கண்காணிப்புல வைக்கணும். ரெண்டு குட்டிக்கும் கலைஞ்ச சினைக்கும் சந்தை விலையில ஒரு தொகை. தொகையைக் கடைசியாக் கேளுங்க. முதல்லயே கேட்டா ஆட்டைப் பத்திப் பேச வந்தீங்களா, காசைப் பத்திப் பேச வந்தீங்களான்னு ஆயிடும்.

மத்தபடி வேலி நம்ம பொறுப்பு. 2018 கஜா புயல்ல எங்க மேல்பக்கத்துப் பூவரசு வேலி மொத்தமாச் சாஞ்சுது, அதுக்கப்புறம் கீத்தும் பழைய சேலையுமா ஒப்பேத்திக்கிட்டுக் கெடந்தேன். டைகர் வந்த வழி அதுதான். தை அறுப்பு முடிஞ்சு ராமநாதபுரம் பக்கத்துலேர்ந்து ஆட்டு மந்தை ஓட்டிக்கிட்டு வர்ற கீதாரிங்க வயல்ல கிடை போட வருவாங்க இல்லியா, அதுல ஒரு பெரியவர் சொன்னது: நாய் தாண்டறதுக்கு முன்னாடி பூரத்தான் பாக்கும். உசரத்துக்குச் செலவு பண்ணாதே, அடியில பண்ணு.

அப்படித்தான் செஞ்சேன். அஞ்சடி உசரக் கம்பி வலை. அதோட அடியில இன்னொரு துண்டு வலையை வெளிப்பக்கமாத் தரையோட தரையா ரெண்டடி அகலத்துக்குப் படுக்கவச்சு, மேல மண்ணைத் தள்ளி, பழைய நாட்டு ஓட்டை அடுக்கி விட்டேன். நாய் வேலி ஓரத்துல வந்துதான் தோண்டும், தோண்டுன இடத்துல கம்பி தட்டும், ரெண்டடி தள்ளி நின்னு தோண்டணும்னு அதுக்குத் தோணாது. எங்க களிமண் கோடையில கல்லு, மழையில களி. ஐப்பசியில ஒரே ராத்திரியில குழி பறிச்சுடும், அதனால ஆடிக்குள்ள இந்த வேலையை முடிச்சுடுங்க. காசில்லாதவங்க வேலியடியில கருவை முள்ளை நெருக்கமா அடைங்க, ஒரு மழைக்காலம் தாங்கும். நாகப்பட்டினத்துலேர்ந்து பழைய மீன் வலை வாங்கிக் கட்டறவங்களும் உண்டு. மலிவுதான், ஆனா சாரைப்பாம்பு மாட்டிக்கிட்டுச் சாகும், ஆட்டுக் கொம்பும் சிக்கும். எனக்கு அது பிடிக்கல.

கோழிக்குப் பஞ்சாரத்தை நம்பாதீங்க. நாய் மூக்கை விட்டு நெம்பிக் கவுத்துடும், மேல கருங்கல்லு வச்சாலும் சரி. கூண்டு வைங்க, கீழ ரெண்டடிக்குப் பொடிக்கண் வலை அடிங்க. பெரிய கண் வலைன்னா வெளியில நின்னே கோழிக் காலைப் பிடிச்சு இழுத்துடும். கதவுக்குக் கயிறு வேணாம், கொண்டி போடுங்க. நாலு கினிக்கோழி வளத்தீங்கன்னா அன்னியமா எது நுழைஞ்சாலும் ஊரையே எழுப்பும், உங்க தூக்கம் போறது வேற விஷயம்.

செத்த குஞ்சு, ஆடு போட்ட நஞ்சுக்கொடி எதையும் வாய்க்கால்ல வீசாதீங்க. நாய்க்கு நாமதான் ருசி காட்டுறோம். மூணடி ஆழத்துல சுண்ணாம்பு போட்டுப் புதைங்க. குட்டி போடப் போற ஆட்டை அந்த ஒரு வாரம் வீட்டை ஒட்டிக் கட்டுங்க.

வயலுக்குப் போடற குருணை மருந்தைக் கறியில வச்சுடுன்னு எனக்கே ரெண்டு பேர் யோசனை சொன்னாங்க. அதைத் தின்னுட்டு டைகர் மட்டுமா சாகும்? காக்கா, பூனை, கொல்லையில தவழுற பக்கத்து வீட்டுக் குழந்தை? நாயைக் கொன்னா பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவுல அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில். வேலியில கரண்டு விடறது மனுஷனையும் சேர்த்துக் கொல்லும்.

சட்டம் நம்ம பக்கமும் இருக்கு. வளர்க்கறவங்க நாயை அஜாக்கிரதையா விட்டு மனுஷருக்கு ஆபத்து வந்தா அதே சட்டத்துல 291, ஆறு மாசம் ஜெயில், இல்லேன்னா 5,000 ரூபா வரைக்கும் அபராதம், இல்லேன்னா ரெண்டும். 2024 ஜூலைக்கு முன்னாடி இதுதான் இபிகோ 289. நம்ம மேலயோ பிள்ளைங்க மேலயோ பாஞ்சிருந்தா அதையும் மனுவுல எழுதுங்க, மனு ரசீது கேட்டு வாங்குங்க. ஆனா பக்கத்து வீட்டுக்காரங்களோட ஸ்டேஷன் வாசல்ல ஒரு தடவை நின்னுட்டா பிறகு ஒரு கல்யாணம் கருமாதிக்குக் கூட நிக்க முடியாது. அதனால ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேரை வச்சு ஒரு தாள்ல எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து. அதுக்கும் மசியலேன்னா அப்புறம் மனு.

எங்க விஷயத்துல தாளோட முடிஞ்சுது. பாதித் தொகையை அண்ணி அன்னைக்கே கொடுத்தாங்க. மீதிக்குத் தை மாசம் சம்பா அறுத்ததும் ரெண்டு மூட்டை நெல்லு வந்துச்சு, அண்ணனே தூக்கிட்டு வந்து திண்ணையில போட்டுட்டு ஒண்ணும் பேசாமப் போனாரு. டைகர் இப்ப சங்கிலியில. பங்குனியில ஒரு நாள் அவுத்துக்கிட்டு வந்து கம்பிக்கிட்ட நாலு இடத்துல பிறாண்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போச்சு. கீழண்டை வீட்டு அத்தைக்கு அந்த நெல்லுலேர்ந்து நாலு மரக்கா அளந்து கொண்டு போய்க் கொடுத்தேன், வாங்கிக்கிட்டாங்க.