செம்மண், புளியங்கரி, துருப்பிடித்த ஆணி: ஓவியப் பொருள்களை நாமே செய்துகொள்ளும் முறை

இயற்கை வண்ணம் என்றதும் பெரும்பாலோர் செம்பருத்தி, சங்குப்பூ, பீட்ரூட் என்று சாறு பிழியத் தொடங்கிவிடுகிறார்கள். காகிதத்தில் பூசிய அன்று அவை கண்ணைப் பறித்தாலும், வெளிச்சம் படும் சுவரில் மாட்டிய சில வாரங்களிலேயே வெளுத்துப் பழுப்பேறிவிடும். மண்ணும் கரியும் அப்படியல்ல; அவை காற்றுக்கும் வெயிலுக்கும் ஏற்கெனவே ஈடுகொடுத்து நின்ற பொருள்கள். ஆகவே, புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் பூக்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டு, மண், கரி, இரும்பு ஆகிய மூன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. நகரி, புத்தூர், நாராயணவனம், நாகலாபுரம், சத்தியவேடு என ஆந்திர எல்லையோரம் வாழும் நமக்கு இம்மூன்றும் நடந்து போகும் தூரத்திலேயே கிடைக்கின்றன; இவற்றைக் கையாளத் தெரிந்த காளஹஸ்திக் கலம்காரி மரபும், அதாவது எழுதுகோலால் துணியில் இயற்கை வண்ணம் தீட்டும் கலையும், பக்கத்திலேயே இருக்கிறது.

முதலில் மண். கிணறு வெட்டிப் போட்ட மேடுகளிலும், சாலைக்காகக் கரையை அறுத்த இடங்களிலும் மேல்மண்ணுக்குக் கீழே உள்ள அடுக்குகள் வெளியே தெரியும். சிவப்பு, காவி, மஞ்சள், பழுப்பு என்று ஒரே மேட்டில் நான்கு நிறங்கள் கிடைப்பதும் உண்டு. ஒரு கட்டியை எடுத்து ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். விரல் ரேகைக்குள் நிறம் புகுந்து, கழுவினாலும் லேசாகத் தங்கினால் அது நல்ல மண். நறநறவென்று உதிர்ந்து விரல் சுத்தமாகிவிட்டால் அதில் மணலே அதிகம். ஒரு சிறிய பை அளவு போதும். பிறர் நிலமானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

கொண்டுவந்த மண்ணைக் காயவைத்து நொறுக்கி, வேரும் கல்லும் நீக்கி, ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துக் கலக்குங்கள். கலக்கிய கையை எடுத்து ஒரு நிமிடம் பொறுத்தால் மணல் அடியில் தங்கும். மேலே நிற்கும் கலங்கல் நீரை மட்டும் துணியில் வடிகட்டி வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். இதை மூன்று நான்கு முறை செய்தபின், கடைசிக் கலங்கலை ஓர் இரவு அசையாமல் வைத்தால் வண்ணம் அடியில் படியும். தெளிந்த நீரை மெல்ல இறுத்துவிட்டு, படிந்த சேற்றைத் தட்டில் பரப்பி நிழலில் காயவிடுங்கள். அவசரப்பட்டு இந்தப் படியைச் சுருக்குபவர்களின் வண்ணம் தூரிகையில் ஓடாமல் காகிதத்தைக் கீறும்.

மஞ்சள் மண் கிடைத்தவர்கள் அதில் பாதியை எடுத்து, சமையலுக்குப் பயன்படுத்தாத இரும்புச் சட்டியிலிட்டு நல்ல தீயில் கிளறிக்கொண்டே வறுத்துப் பார்க்க வேண்டும். அந்த மஞ்சளுக்குக் காரணம் நீர் சேர்ந்த இரும்பு ஆக்ஸைடு. ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் சூட்டில் அந்த நீர் பிரிந்துபோக, மஞ்சள் முதலில் காவியாகவும் பிறகு செங்கல் சிவப்பாகவும் மாறும். வெவ்வேறு நேரத்தில் சட்டியிலிருந்து ஒவ்வொரு கரண்டியாக எடுத்து வைத்தால் ஒரே மண்ணிலிருந்து ஒரு வண்ண வரிசையே கிடைத்துவிடும்.

மண் தானாகக் காகிதத்தில் ஒட்டாது. அதற்குப் பிசின் வேண்டும். கருவேல மரத்தின் பட்டையில் வெடித்து உறைந்து நிற்கும் பிசினே இதற்கு ஏற்றது, அது தண்ணீரில் முழுமையாகக் கரையும். கடையில் கிடைக்கும் பாதாம் பிசின் கரையாமல் ஊதிக் கூழாகிவிடும் என்பதால் அதை வாங்கி ஏமாற வேண்டாம். மரத்தை வெட்டிக் காயப்படுத்தாமல், தானாகக் கசிந்ததை மட்டும் எடுத்தாலே போதுமான அளவு சேர்ந்துவிடும். ஒரு பங்கு பிசினை இரண்டு பங்கு வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, கால் பங்கு தேனும் இரண்டு சொட்டுக் கிராம்புத் தைலமும் சேருங்கள். தேன் வண்ணம் காய்ந்து வெடிக்காமல் காக்கும். கிராம்பு பூஞ்சையைத் தடுக்கும்.

வழவழப்பான கிரானைட் துண்டின் மேல் மண்பொடியைக் குவித்து, நடுவில் குழி செய்து, பிசின் நீரை ஊற்றி, தட்டையான அடியுள்ள கண்ணாடிக் குப்பியால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். கரகரப்பு ஓசை அடங்கி, தோசை மாவுப் பதத்துக்கு வரும்வரை தேய்த்தால்தான் நிறம் திறக்கும். கால் மணி நேரமாவது பிடிக்கும். காகிதத்தில் ஒரு கோடு இழுத்து, காய்ந்தபின் விரலால் தடவுங்கள். பொடியாக வந்தால் பிசின் போதவில்லை. பளபளத்து வெடித்தால் பிசின் கூடிவிட்டது. சரியான கலவையைச் சிப்பிகளிலோ சிறு மூடிகளிலோ ஊற்றிக் காயவைத்தால் வேண்டும்போது ஈரத் தூரிகையால் தொட்டு எழுதலாம். உலர்ந்த பொடியைக் கையாளும்போது முகக்கவசம் கட்டாயம். மண்தூசி நுரையீரலுக்கு ஆகாது.

வெள்ளைக்கு, முட்டை ஓட்டைக் கொதிக்கவைத்து உள்தோலை உரித்து நன்றாக அரைத்தால் போதும். ஆனால் பிசினில் அது சற்றே மங்கலாகத்தான் நிற்கும்.

கரிக்குச்சிக்குக் காளஹஸ்திக் கலைஞர்கள் புளியங்குச்சியைப் பயன்படுத்துகிறார்கள். பென்சில் பருமனுள்ள குச்சிகளின் பட்டையைச் சீவி, நன்றாகக் காயவைத்து, பெயின்ட் பூசாத பழைய தகர டப்பாவில் நெருக்கமாக அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரே ஒரு துளையிட்டு நெருப்பில் வையுங்கள். துளை வழியே முதலில் வெண்புகை வரும், பிறகு அந்தப் புகையே தீப்பிடித்து எரியும். அதுவும் அடங்கியபின் டப்பாவை வெளியே எடுத்து, துளையை ஈர மண்ணால் அடைத்துவிட வேண்டும். முழுக்க ஆறும்வரை திறக்கக் கூடாது. சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு உள்ளே கனல் ஏறி, குச்சியெல்லாம் சாம்பலாகிவிடும்.

மூன்றாவது, இரும்புக் கறுப்பு. காளஹஸ்தியில் கசிமி என்று அழைக்கப்படும் இந்த நீரைச் செய்ய, துருப்பிடித்த ஆணி, லாடம் போன்ற அரைக் கிலோ இரும்புக்கு 150 கிராம் வெல்லம், 50 கிராம் பனைவெல்லம், இரண்டு லிட்டர் தண்ணீர் என்று மண்பானையில் சேர்த்து, வாயைத் துணியால் கட்டி நிழலில் வைக்கலாம். துத்தநாகம் பூசிய ஆணிகள் உதவாது. நொதிக்கும்போது வாயு வெளியேற வேண்டியிருப்பதால் இறுக்கமான மூடி போடாதீர்கள். வெல்லம் புளித்து உண்டாகும் அமிலம் இரும்பைக் கரைக்கிறது. பதினைந்து முதல் இருபது நாளில் நீர் பயன்பாட்டுக்கு வரும்.

இதைத் துணியில் எழுத, துணியைத் தயார் செய்ய வேண்டும். கஞ்சி போகத் துவைத்த ஒரு மீட்டர் பருத்தித் துணிக்கு, கொட்டை நீக்கிய கடுக்காய்ப் பொடி 50 கிராம், காய்ச்சாத எருமைப்பால் கால் லிட்டர், தண்ணீர் அரை லிட்டர். அரை மணி நேரம் ஊறவைத்து, சீராகப் பிழிந்து, வெயிலில் காயப் போடுங்கள். கடுக்காயின் துவர்ப்புப் பொருளே இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. பாலின் கொழுப்பு கோடு பரவாமல் நிறுத்துகிறது. இளமஞ்சளான அந்தத் துணியில் கசிமி தொட்ட முனை படும்போது கோடு முதலில் சாம்பல் நிறத்தில் தோன்றி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துவிடும். இந்த முறையில் வாழ்நாள் முழுதும் உழைத்த காளஹஸ்திக் கலைஞர் ஜொன்னலகட்டா குருப்ப செட்டி 2008-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார்.

எழுதுகோலுக்கு ஒரு மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி, முனைக்குச் சற்று மேலே கம்பளித் துணியைச் சுற்றி நூலால் கட்டினால், அந்தச் சுற்று நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விரலால் லேசாக அழுத்தினால் முனைக்கு இறங்கும். எழுதிய துணியை ஒரு நாள் காயவிட்டு, தாராளமான தண்ணீரில் அலசுங்கள், ஏனெனில் மிச்ச இரும்பு நாளடைவில் நூலை அரித்துவிடும். கடுக்காய்க் கஷாயத்தில் கசிமியையும் சிறிது பிசினையும் கலந்தால் காகிதத்துக்கான மை கிடைக்கும். அமிலத்தன்மை உள்ளதால் தடித்த பருத்திக் காகிதத்திலேயே அதைப் பயன்படுத்துவது நல்லது.

எடுக்கக் கூடாததையும் சொல்லியாக வேண்டும். செம்மரக் கட்டையில் அழகான சிவப்புச் சாயம் உண்டு என்பது உண்மையே. ஆனால் காட்டிலிருந்து அதன் ஒரு சிராய் எடுப்பதும் குற்றம், அந்த மரமோ அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டது. காப்புக்காட்டின் எல்லைக்குள் மண்ணோ பிசினோ எதுவும் வேண்டாம். அதே போல, பச்சை நிறத்துக்கு ஆசைப்பட்டு மயில்துத்தத்தை (தாமிர சல்பேட்) பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், அது நஞ்சு. செய்து முடித்த ஒவ்வொரு குப்பியிலும் எந்த இடத்து மண், எந்தத் தேதி, எவ்வளவு பிசின் என்று எழுதி ஒட்டிவிட்டால், தீர்ந்தபின் அதே நிறத்தை மீண்டும் செய்துகொள்ளலாம்.