ஐரோப்பிய பாணிச் சுவர்: பீடிங் அடிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

ஹால் சுவரில் சட்டம் சட்டமாக பீடிங் (மெல்லிய அலங்காரப் பட்டை) அடித்து, கூரையோரம் கார்னிஸ் என்ற அலங்கார விளிம்பை ஓட்டிவிட்டால் பாரிஸ் வீட்டுக் களை வந்துவிடும் என்று நினைக்கிறோம். பல வீடுகளில் வருவது கல்யாண மண்டபக் களைதான். கோளாறு பீடிங்கில் இல்லை, அளவில் இருக்கிறது.

ஐரோப்பியச் செவ்வியல் பாணியில் சுவரையும் தூணின் கணக்கில்தான் பிரிப்பார்கள்: கீழே பீடம், நடுவில் தண்டு, மேலே தலைப்பகுதி. இடுப்புக்குக் கீழே ஓடும் டேடோ பட்டைதான் பீடத்தின் மேல்விளிம்பு. அதைச் சுவரின் சரிபாதியில் அடித்தால் அறை இரண்டாக வெட்டுப்பட்டுக் குள்ளமாகிவிடும். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நாற்காலிகளைச் சுவரோரம் வரிசையாகப் போட்டு வைப்பார்கள். அவற்றின் முதுகு பூச்சை உரசாமல் காத்தது இந்தப் பட்டை. பத்தடிச் சுவருக்கு இரண்டரை முதல் மூன்றடி உயரம் போதும். சந்தேகமாக இருந்தால் இறக்குங்கள், ஏற்றாதீர்கள். கார்னிஸும் அப்படித்தான். மாளிகைப் படத்தைப் பார்த்து எட்டங்குலத்தில் வாங்கினால் ஃபிளாட்டில் கூரையே இறங்கி வந்தது போல இருக்கும்.

அடுத்து, பேனல் பிரிப்பது. ஒரு மூலையிலிருந்து ஒரே அகலத்தில் அடித்துக்கொண்டே போனால் கடைசிப் பேனல் ஒரு சாணுக்குச் சுருங்கிவிடும்; நடுவில் ஒரு சட்டம் சரியாக ஏசி பிளக் மேல் ஏறும். அப்புறம் பீடிங்கை வெட்டி, சுவிட்ச்போர்டைச் சுற்றி வளைப்பார்கள். அதைவிடக் கண்ணை உறுத்துவது வேறில்லை. முதலில் மாஸ்கிங் டேப்பைச் சுவரில் ஒட்டி, சோபாவும் டிவியும் அதனதன் இடத்தில் இருக்கும்போதே இரண்டு நாள் பாருங்கள். சட்டங்களுக்கு இடையிலான இடைவெளி எங்கும் ஒன்றாக இருக்கட்டும், மூன்று நான்கு அங்குலம். பேனலின் அகலம் வேண்டுமானால் கூடிக்குறையலாம்.

பாணிகளைக் கலக்காதீர்கள். 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அலங்காரப் பாணியான ரொகோகோவின் சிப்பியும் சுருளும் ஒரு ரகம். 1760களில் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் லண்டன் சியான் ஹவுஸ் மாளிகையில் செய்த ரோமானிய வேலைப்பாடு வேறு ரகம். இரண்டையும் ஒரே சுவரில் ஏற்றினால் கடை ஷோரூம்தான். தங்க பெயின்டும் வேண்டாமே! பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் மின்னுவது செதுக்கிய மரத்தின் மேல் ஒட்டிய தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு. டப்பா பெயின்டில் அந்த மினுக்கு வராது.

ஓதம் ஏறும் சுவரென்றால் எதையும் அடிக்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள். எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) பீடிங் ஈரத்தில் ஊதி, மூலை இணைப்புகள் வாய் பிளக்கும். பாத்ரூமை ஒட்டிய சுவருக்குப் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் வகை பீடிங் வாங்குவதே நல்லது. விலை கொஞ்சம் கூடத்தான்.