முடிக்கு வாங்கிய மாத்திரை தைராய்டு ரிசல்ட்டைக் குழப்பியது

தைராய்டு குறைவுக்கு 75 மைக்ரோகிராம் மாத்திரை போடுகிறேன், டிஎஸ்ஹெச் (தைராய்டு குறைந்தால் கூடும், தைராய்டு கூடினால் குறையும் ஹார்மோன்) ஒழுங்காகத்தான் இருந்தது. போன வருடம் திடீரென 0.05 என்று வந்தது, டி4 என்ற தைராய்டு ஹார்மோன் கூடுதல். மருந்து அதிகமாகிவிட்டது என்று 50 ஆகக் குறைத்தார்கள்.

அப்புறம்தான் கஷ்டம். முகம் வீங்கியது, மலச்சிக்கல், தக்கலை மத்தியான வெயிலிலும் எனக்குக் குளிர். தைராய்டு கூடினால் படபடப்பும் வியர்வையும் வரும், உடல் மெலியும். எனக்கு எல்லாமே நேர்மாறு. ஆறு வாரம் கழித்துப் பார்த்தாலும் டிஎஸ்ஹெச் குறைவுதான். இன்னும் குறைக்கலாம் என்றார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை.

நாகர்கோவிலில் வேறொரு டாக்டரம்மாவிடம் போனேன். "வேற என்னம்மா சாப்பிடுறீங்க?" என்றார். மைனி சொன்னாளென்று முடி உதிர்வுக்கு பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை 10 மில்லிகிராம் தினமும் போட்டேன். அதை மருந்தாகவே நான் நினைக்கவில்லை, அதனால் யாரிடமும் சொல்லவுமில்லை.

பல லேப் கருவிகள் ஹார்மோனை அளக்க பயோட்டினையே ஒட்டுப்பசை போலப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் அது மிகுந்திருந்தால் டிஎஸ்ஹெச் பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-லேயே இதை எச்சரித்திருக்கிறது. குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்க வேண்டும்.

நான் மூன்று நாள் நிறுத்தி, அதே லேபில் கொடுத்தேன். டிஎஸ்ஹெச் 11! மறுபடி 75 ஆக்கினார்கள். இரண்டு மாதத்தில் 2.8. முக வீக்கம் அதற்கு முன்பே வற்றிவிட்டது. இப்போது டாக்டரிடம் போனால் சத்து மாத்திரை, நாட்டு மருந்து உட்பட எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுகிறேன்.