சிஎச்50 பூஜ்யம் என்று வந்தால்? காம்ப்ளிமென்ட் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோயெதிர்ப்பு ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள், பொது ஆய்வகத்தில் எப்போதாவது ஒரு காம்ப்ளிமென்ட் மாதிரியைக் கையாளுகிறவர்கள், அறிக்கையை வாங்கிப் படிக்கும் இளம் மருத்துவர்கள் என்று எல்லோரும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். ஆட்கள் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை. பெயர்ச்சீட்டு மாறி ஒட்டுவது, பிப்பெட்டைச் சரிபார்க்காமல் விடுவது போன்றவை எல்லாப் பரிசோதனைக்கும் பொது, அவற்றை விட்டுவிடுகிறேன். காம்ப்ளிமென்ட்டுக்கே உரிய தவறுகள் மட்டும் இங்கே.

மூன்று வழிகளை மனப்பாடம் செய்து, சி3-ஐக் கோட்டைவிடுவது

காம்ப்ளிமென்ட் என்பதைப் பாடத்தில் நிரப்புப் புரதங்கள் என்று படித்திருப்பீர்கள், கிருமிகளை அழிக்க உதவுபவை. ரத்தத்திலும் செல்களின் மேற்பரப்பிலுமாக முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள். இவற்றில் பல செயலற்ற நிலையில் சுற்றிக்கொண்டிருக்கும். ஒன்று வெட்டுப்பட்டால் அது அடுத்ததை வெட்டும் நொதியாகிவிடும்.

கிளாசிக்கல் வழியில், கிருமிமேல் ஒட்டிய எதிர்ப்பொருளில் சி1 கூட்டின் ஒரு பகுதியான சி1க்யூ போய் உட்காரும். எதிர்ப்பொருள் ஐஜிஎம் வகை என்றால் ஒரு மூலக்கூறே போதும், ஐஜிஜி என்றால் பல மூலக்கூறுகள் அருகருகே இருக்க வேண்டும், ஐஜிஜி4 இந்த வேலைக்கு உதவாது. பிறகு சி1ஆர், சி1எஸ் இரண்டும் விழித்து சி4-ஐயும் சி2-ஐயும் வெட்டும். லெக்டின் வழியில் கிருமியின் சர்க்கரை மூலக்கூறுகளை எம்பிஎல், ஃபிக்கோலின் ஆகிய புரதங்கள் பிடித்துக்கொள்ள, மாஸ்ப் நொதிகள் அதே சி4, சி2-ஐ வெட்டும். ஆல்டர்னேட்டிவ் வழிக்கு எதிர்ப்பொருளே வேண்டாம். சி3 எப்போதும் சிறிது சிறிதாகத் தானே நீரோடு வினைபுரிந்துகொண்டிருக்கும். அதனுடன் ஃபேக்டர் பி சேரும், ஃபேக்டர் டி அதை வெட்டும், ப்ராப்பர்டின் அந்தக் கூட்டைக் கலையாமல் பிடித்து வைக்கும்.

மூன்றும் வந்து சேரும் இடம் சி3. அது வெட்டுப்பட்டதும் சி3பி தன் தயோஎஸ்டர் பிணைப்பால் பக்கத்தில் உள்ள பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. விழுங்கும் செல்களுக்கு அதுதான் அடையாளம். உதிரும் சி3ஏ, சி5ஏ துண்டுகள் அழற்சியைத் தூண்டுகின்றன, சி5ஏ நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களை அந்த இடத்துக்கு இழுக்கிறது. சி5பி-யோடு சி6, சி7, சி8 சேர்ந்து, கடைசியில் பதினெட்டு வரை சி9 மூலக்கூறுகள் வளையமாகக் கூடிக் கிருமியின் சவ்வில் ஓட்டை போடுகின்றன. நம் செல்களை ஃபேக்டர் எச், சிடி55, சிடி59 ஆகிய கட்டுப்படுத்தும் புரதங்கள் காப்பாற்றுகின்றன.

ஆல்டர்னேட்டிவ் வழியை மூன்றாவதாக ஒரு சின்ன வழி என்று ஒதுக்கிவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. எந்த வழியில் சி3பி உருவானாலும் அது ஃபேக்டர் பி-யைப் பிடித்துப் புதிதாக ஒரு சி3 வெட்டும் நொதியை உண்டாக்கும். அதாவது மற்ற இரண்டு வழிகளையும் பெருக்குவதே இதுதான். சரவெடியில் ஒன்றைக் கொளுத்தியது போல, தொடங்கியது தன்னால் நிற்காது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் அடுத்த தவறு ஏன் இவ்வளவு விலை வாங்குகிறது என்பது புரியும்.

குழாய்க்குள் வந்த ரத்தம் சும்மா இருக்கும் என்று நினைப்பது

இதைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் தீரவில்லை, பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. விளைவை அனுபவிப்பது நோயாளி என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

வழக்கமாக நடப்பது இது. அடிக்கடி காதில் சீழும் நிமோனியாவும் வரும் குழந்தை. மருத்துவர் சரியாக யோசித்து, காம்ப்ளிமென்ட் வேலை செய்கிறதா என்று காட்டும் சிஎச்50 பரிசோதனையைக் கேட்கிறார். காலை பத்து மணிக்கு ஒரு சேகரிப்பு மையத்தில் ரத்தம் எடுக்கிறார்கள். சீரம் பிரிக்காமலே மதியம்வரை மேசைமேல் நிற்கிறது. பிறகு சாதாரண ஐஸ் பேக்கோடு மற்ற மாதிரிகளுடன் சேர்த்து ஊர் தாண்டி அனுப்புகிறார்கள். மறுநாள் பிற்பகல் பெரிய ஆய்வகத்தில் பரிசோதிக்கும்போது சிஎச்50 அளவிட முடியாத அளவுக்குக் கீழே இருக்கிறது. அறிக்கையில் அந்த எண் மட்டும்தான் போகிறது, மாதிரி வந்த கதை போவதில்லை. “காம்ப்ளிமென்ட் குறைபாடு” என்று கோப்பில் ஏறுகிறது. அதன்பின் மரபணுப் பரிசோதனை, மாதக்கணக்கில் பென்சிலின், அடுத்த பிள்ளை பெறுவது பற்றிப் பெற்றோருக்குப் பயம். குழந்தையின் காம்ப்ளிமென்ட்டோ முழுசாக நன்றாக இருந்திருக்கும்.

சிஎச்50 ஒரு பொருளின் அளவைச் சொல்லும் பரிசோதனை அல்ல. சி1 முதல் சி9 வரை மொத்தச் சங்கிலியும் ஓடுகிறதா என்று பார்ப்பது. முயலில் தயாரித்த எதிர்ப்பொருள் பூசிய ஆட்டு ரத்தச் சிவப்பணுக்களை, படிப்படியாக நீர்க்கச் செய்த நோயாளியின் சீரத்தோடு 37 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து, எத்தனை செல் உடைகிறது என்று 541 நானோமீட்டரில் படிப்பார்கள். பாதிச் செல்களை உடைக்க எவ்வளவு சீரம் தேவைப்பட்டது என்பதிலிருந்து சிஎச்50 எண் வருகிறது. கரைசலில் 0.15 மில்லிமோலார் கால்சியமும் 0.5 மில்லிமோலார் மெக்னீசியமும் இருந்தே ஆக வேண்டும். சி1 கூட்டு கலையாமல் நிற்பது கால்சியத்தால். சி2-ம் ஃபேக்டர் பி-யும் தத்தம் இணைகளோடு சேர்வது மெக்னீசியத்தால். சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி, குறிப்பாகச் சீக்கிரம் சிதையும் சி2, போய்விட்டால் மற்ற எட்டும் நன்றாக இருந்தும் பயனில்லை.

எனவே மாதிரியைக் கையாளும் முறை இதுதான். ஜெல்லோ உறைவு தடுப்பானோ இல்லாத சாதாரண சிவப்பு மூடிக் குழாயில் எடுங்கள். அறை வெப்பத்தில் 30 முதல் 60 நிமிடம் உறையவிடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். உடனே சுழற்றிச் சீரத்தைப் பிரித்து, சிறு குழாய்களில் பங்கிட்டு, எடுத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கழித்தல் 70 டிகிரியோ அதற்கும் கீழோ உறைய வையுங்கள். அனுப்புவது உலர்பனியில். வீட்டு ஃப்ரீசர் மாதிரியான கழித்தல் 20 டிகிரியில் நாள்கணக்கில் வைத்த சீரத்தின் செயல்திறனை நம்பாதீர்கள். இந்த வசதி இல்லாத ஊரில் ரத்தம் எடுக்காமல், ஆளையே பரிசோதனை நடக்கும் இடத்துக்கு அனுப்புவது நல்லது. பேருந்துக் கட்டணம் மரபணுப் பரிசோதனையைவிட மலிவு.

ஊதா மூடிக் குழாயில் சிஎச்50 எடுக்கக் கூடாது. அதில் உள்ள இடிடிஏ என்ற உறைவு தடுப்பான் கால்சியம், மெக்னீசியம் இரண்டையும் பிடித்து வைத்துக்கொள்வதால் சங்கிலியே ஓடாது. ஹெபாரினும் வேண்டாம். ஆனால் சி3ஏ, சி5ஏ, கரையும் நிலையில் உள்ள சி5பி-9 (ஓட்டை போடும் அந்தக் கடைசிக் கூட்டு) ஆகியவற்றை அளக்க வேண்டுமானால் நேர்மாறு. அங்கே இடிடிஏ பிளாஸ்மாதான் வேண்டும். சீரத்தில் எடுத்தால், ரத்தம் உறையும்போதே காம்ப்ளிமென்ட் விழித்துத் துண்டுகள் பெருகி, நோயாளியின் உடலில் இல்லாத அழற்சி அறிக்கையில் வந்துவிடும்.

குளிரில் வைத்தால் எல்லாம் பத்திரம் என்றும் முடிவு கட்டாதீர்கள். ஹெபடைட்டிஸ் சி உள்ளவர்களில், குறிப்பாகக் குளிரில் படியும் எதிர்ப்பொருளான கிரையோகுளோபுலின் இருந்தால், குளிர்ந்த சீரத்திலேயே கிளாசிக்கல் வழி தொடங்கிவிடும். சி3, சி4 அளவு இயல்பாக இருக்க, சிஎச்50 மட்டும் தரைமட்டமாகும். இப்படி வந்தால் ரத்தத்தை 37 டிகிரியிலேயே வைத்து, சீரத்தைப் பிரித்த கையோடு பரிசோதித்துப் பாருங்கள்.

பூஜ்யம் வந்தால் செய்ய வேண்டியது மறுமாதிரி. அப்போது வெறும் நோயாளியின் ரத்தத்தை மட்டும் எடுக்காதீர்கள். கூடவே ஆரோக்கியமான, உறவினர் அல்லாத ஒருவரின் ரத்தத்தையும் அதே நேரத்தில், அதே வகைக் குழாயில் எடுத்து, அதே பெட்டியில் அனுப்புங்கள். இரண்டும் விழுந்தால் பழி பயணத்தின் மேல். ஆரோக்கியமானவருடையது நின்று, நோயாளியுடையது விழுந்தால் நம்பலாம். செலவு அதிகமில்லாத இந்த ஒரு காரியத்தை ஏன் வழக்கமாக்க மறுக்கிறார்கள் என்பது புரியவே இல்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மூளைக்காய்ச்சல் இரண்டாம் முறை வந்தவருக்கு சிஎச்50 பூஜ்யம் வர, “மாதிரி கெட்டிருக்கும்” என்று தள்ளிவிடுவது. சி5 முதல் சி9 வரை உள்ள குறைபாடுகளில் மூளைக்காய்ச்சல் கிருமியான மெனிஞ்சோகாக்கஸ் திரும்பத் திரும்ப வரும். அங்கே அந்தப் பூஜ்யம்தான் நோயின் பெயர். அதனால்தான் மறுமாதிரி என்பது தள்ளிப்போடுவதற்கான சாக்காக இல்லாமல், தேதி குறித்த கடமையாக இருக்க வேண்டும். தீவிரத் தொற்று நடக்கும்போது காம்ப்ளிமென்ட் செலவாகியிருக்கும் என்பதால், உடல் தேறிச் சில வாரங்கள் கழித்து எடுப்பது நல்லது.

சிஎச்50-ஐத் தனியாகப் படிப்பது

ஆல்டர்னேட்டிவ் வழியைப் பார்க்கும் ஏஎச்50-ஐயும் சேர்த்துக் கேளுங்கள். அது எதிர்ப்பொருள் பூசாத முயல் சிவப்பணுவில் செய்வது. கரைசலில் இஜிடிஏ சேர்த்துக் கால்சியத்தை மட்டும் பிடித்துவிட்டு மெக்னீசியத்தை விட்டுவைப்பதால், கிளாசிக்கல் வழியும் லெக்டின் வழியும் அடைபட்டு ஆல்டர்னேட்டிவ் மட்டும் ஓடும். சிஎச்50 பூஜ்யம், ஏஎச்50 இயல்பு என்றால் சி1, சி4, சி2-இல் தேடுங்கள். சிஎச்50 இயல்பு, ஏஎச்50 பூஜ்யம் என்றால் ஃபேக்டர் பி, ஃபேக்டர் டி, ப்ராப்பர்டின். இரண்டுமே பூஜ்யம் என்றால் சி3 முதல் சி8 வரை. சி9 மட்டும் இல்லாதவர்களுக்கு சிஎச்50 குறையுமே தவிரப் பூஜ்யமாகாது, சி5பி-8 மட்டுமே மெதுவாகச் செல்லை உடைக்கும். இரண்டும் அரைகுறையாகக் குறைந்திருந்தால் முதல் சந்தேகம் மாதிரியின் மேல், அடுத்தது உடலுக்குள் செலவாவதன் மேல்.

சூடேற்றிய சீரத்தில் சிஎச்50

56 டிகிரியில் 30 நிமிடம் வைத்த சீரம் இதற்கு ஆகாது. வேறு பரிசோதனைக்காகச் சூடேற்றிய குழாயை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

சி3 இயல்பு, ஆகவே செலவாகவில்லை என்பது

அழற்சியின்போது கல்லீரல் சி3-ஐ அதிகமாகத் தயாரிக்கும். ஒரு பக்கம் செலவு, மறு பக்கம் உற்பத்தி. கர்ப்ப காலத்திலும் சி3, சி4 ஏறும். லூபஸ் என்ற தன்னுடல் தாக்கு நோய் உள்ள கர்ப்பிணிக்கு சி3 டெசிலிட்டருக்கு 95 மில்லிகிராம் என்று வந்தால், அச்சிட்ட இயல்பு வரம்புக்குள் இருப்பதாகத் தோன்றும். முந்தைய அறிக்கையில் 140 இருந்திருந்தால் அது சரிவு. ஒரே ஒரு எண்ணை விட்டு, அவரவருடைய பழைய எண்களோடு ஒப்பிடுங்கள், அதே ஆய்வகத்தின் எண்களோடு.

பழைய சீரத்தில் இன்னொரு சிக்கல். சி3 உடைந்து சி3சி என்ற துண்டு ஆனாலும், அளவைப் பார்க்கப் பயன்படும் எதிர்சீரம் அதையும் பிடிக்கும், சில முறைகளில் எண் கூடிக்கூடத் தெரியும். செயல் செத்த மாதிரியில் அளவு நன்றாக இருப்பதாகக் காட்டுவது இதனால்தான்.

சி3 குறைந்து சி4 இயல்பாக இருந்தால் ஆல்டர்னேட்டிவ் வழி ஓடுகிறது என்று பொருள். தொண்டைப் புண்ணுக்குப் பின் சிறுநீரக அழற்சி வந்த குழந்தையில் இது எதிர்பார்த்ததுதான், ஆறு முதல் எட்டு வாரத்தில் சி3 திரும்பிவிடும். பன்னிரண்டு வாரம் தாண்டியும் திரும்பாவிட்டால் சி3 குளோமருலோபதி என்ற சிறுநீரக நோயை நினைக்க வேண்டும். அந்தத் திரும்பப் பார்க்கும் பரிசோதனையை எழுத மறப்பவர்கள் ஏராளம்.

சி4 மட்டும் குறைந்திருப்பதைக் கடந்து போவது

அரிப்போ தடிப்போ இல்லாமல் முகமும் கைகளும் வீங்குகிறவருக்கு சி3 இயல்பு, சி4 குறைவு என்றால் சி1-ஐ அடக்கும் புரதமான சி1 இன்ஹிபிட்டரின் அளவையும் செயலையும் கேளுங்கள். இரண்டையும். பரம்பரை ஆஞ்சியோஎடிமா என்ற இந்த வீக்க நோயின் ஒரு வகையில் அளவு சரியாக இருக்கும், செயல் இருக்காது. இந்த வீக்கத்துக்குக் காரணம் பிராடிகைனின், ஹிஸ்டமின் அல்ல. ஒவ்வாமை ஊசிகளைத் திரும்பத் திரும்பப் போட்டும் வீக்கம் வடியாமல் குரல்வளை அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. சி4 என்ற ஒரு மலிவான பரிசோதனை அதைத் தடுக்க முடியும்.

உருக்கி மறுபடி உறைய வைப்பது

கூடாது. ஒரு குழாய், ஒரு முறை.

உறுப்பு மாற்று ஆய்வகத்தில் குறைந்த எண்ணை நம்புவது

உறுப்பு பெறுபவரின் சீரத்தில் பிறர் திசுவுக்கு எதிரான எதிர்ப்பொருளைச் சிறு மணிகளில் பிடித்துப் பார்க்கும் ஒற்றை ஆன்டிஜென் பீட் பரிசோதனையில், அந்த எதிர்ப்பொருள் மிக வலுவாக இருக்கும்போது, பீட்மேல் சி1க்யூ அமர்ந்து, சி4, சி3 துண்டுகள் படிந்து, ஐஜிஜி-யைப் பிடிக்க வரும் சாய எதிர்ப்பொருளை மறைத்துவிடும். மிக ஆபத்தான எதிர்ப்பொருள் மிகச் சாதாரணமாகத் தெரியும். சீரத்தில் இடிடிஏ சேர்த்தோ, பத்து மடங்கு நீர்க்கச் செய்தோ மறுபடி ஓட்டினால் எண் ஏறும். நீர்த்த பிறகு எண் ஏறினால் காரணம் இதுதான். முன்பு பல முறை ரத்தம் ஏற்றியவர்கள், பல முறை கருவுற்றவர்கள், மறுமாற்று செய்துகொள்பவர்கள் ஆகியோரின் சீரத்தை இடிடிஏ இல்லாமல் ஓட்டவே வேண்டாம்.

எக்குலிசுமாப் எடுப்பவரின் சிஎச்50

சி5-ஐ அடைக்கும் மருந்து இது, காம்ப்ளிமென்ட் சிவப்பணுக்களை உடைக்கும் பிஎன்எச் நோய்க்கு 2007-இல் அனுமதி பெற்றது. இதை எடுப்பவருக்கு சிஎச்50 மிகக் குறைவாக வருவதுதான் மருந்து வேலை செய்வதற்கு அடையாளம், அதைக் குறைபாடு என்று எழுதாதீர்கள். நோயாளி எடுக்கும் மருந்துகளை விண்ணப்பப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். மெனிஞ்சோகாக்கஸ் தடுப்பூசியை முதல் டோஸுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டிருக்க வேண்டும். காத்திருக்க முடியாத அவசரம் என்றால் தடுப்பூசியோடு ஆன்டிபயாட்டிக்கும் சேர்த்துக் கொடுப்பார்கள். தடுப்பூசி போட்டிருந்தாலும் திடீர்க் காய்ச்சல், கழுத்து விறைப்பு, தோலில் செந்நிறப் புள்ளிகள் என்று வந்தால் ஆய்வக முடிவுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று நோயாளிக்கும் வீட்டாருக்கும் எழுதியே கொடுங்கள்.