'தி கிராசிங்' மறுவெளியீட்டைக் கேட்கும் முறை

திருவிடைமருதூர் பக்கம் மைக் செட் போடுகிறவன் நான். பிக் கன்ட்ரி என்ற ஸ்காட்லாந்து ராக் குழுவின் முதல் ஆல்பம் 'தி கிராசிங்'. 1983-இல் வந்தது. 1996-இல் கூடுதல் பாட்டுகளோடு ஒருமுறையும், 2012-இல் இரண்டு சிடியாக இன்னொரு முறையும் வெளியிட்டார்கள். பழசு நல்லதா, புதுசு நல்லதா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் வால்யூமைச் சமமாக்குங்கள்.

சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்ளும். பழைய ஆல்பங்களை ரீமாஸ்டர் செய்யும்போது, அதாவது பழைய ஒலிப்பதிவைச் சீர்செய்து புதுப் பதிப்பாக்கும்போது, பெரும்பாலும் சத்தத்தையும் ஏற்றிவிடுவார்கள். அதனால் பேஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவில் வையுங்கள். போனில் சத்தம் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துவிடுங்கள். 'இன் எ பிக் கன்ட்ரி' என்ற பாட்டு டிரம்ஸில்தான் தொடங்கும். இரண்டு பதிப்பிலும் அந்த இடத்தை ஓடவிட்டு, அளவு ஒன்றாக வரும்வரை வால்யூமைத் திருகுங்கள். அப்புறம் ஒப்பிடுங்கள். மெதுவாக வாசிக்கும் இடம் மெதுவாகவே இருக்கிறதா, டிரம்ஸ் அடி நறுக்கென்று விழுகிறதா என்று பாருங்கள். எல்லாம் ஒரே உயரத்தில் கத்தினால் அந்தப் பதிப்பு வேண்டாம்.

சரி, இனி பாட்டுக்கு வருவோம். முதல் வெளியீட்டில் பத்துப் பாட்டு, இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு ஐந்து. 'ஹார்வெஸ்ட் ஹோம்' இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு. ஐந்து முடிந்ததும் எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு வந்து அதைப் போடுங்கள். வரிசையை மாற்றாதீர்கள்.

முதல் தடவை கேட்கிறவர்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள் பையில் காற்றடைத்து ஊதும் பேக்பைப் வாத்தியத்தை வாசிக்கிறார்கள் என்றே நினைப்பார்கள். உள்ளே இருப்பது ஸ்டூவர்ட் ஆடம்சன், புரூஸ் வாட்சன் இருவரின் கிடார்கள். சுருதியை மாற்றும் கருவி வழியாக ஓடவிட்டு அந்த ஒலியைக் கொண்டுவந்தார்கள். நம் ஊர்க் காதுக்கு இது சீக்கிரம் பிடிபடும். பேக்பைப்பில் விடாமல் ஒலிக்கும் குழல் நாயனத்துக்குப் பக்கத்தில் ஒரே சுருதியில் ஒத்து ஊதுவதுபோலத்தான். 'ஃபீல்ட்ஸ் ஆஃப் ஃபயர்' ஓடும்போது ஒரு தடவை கிடாரை மட்டும் பின்தொடருங்கள், அடுத்த தடவை டோனி பட்லரின் பேஸ் கிடாரை. மார்க் பிரெசிக்கியின் டிரம்ஸுக்குத் தனியாக ஒரு தடவை கொடுத்தே ஆக வேண்டும். தவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த உருட்டலை விட்டுவிட மனம் வராது. தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட் டிரம்ஸுக்கு அவ்வளவு இடம் விட்டிருக்கிறார்.

கூடுதல் பாட்டுகளை, முதல் பத்துப் பாட்டும் மனதில் நின்ற பிறகு வேறொரு நாள் கேளுங்கள். 'தி கிராசிங்' என்ற பெயரிலேயே ஒரு பாட்டு உண்டு. அது முதல் வெளியீட்டில் இல்லை, 1996 பதிப்பில்தான் சேர்ந்தது. 2012 பதிப்பில் டெமோக்களும், அதாவது முன்னோட்டமாகப் பதிந்து பார்த்த வடிவங்களும் வரும். ஒரு டெமோவைக் கேட்டதும் அதே பாட்டின் முடிந்த வடிவத்தை உடனே போட்டுப் பாருங்கள், எதைச் சேர்த்தார்கள், எதை எடுத்தார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.